எங்கள் வீட்டில் வருமான வரி ஒழிந்த கதை

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் வருமான வரியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், நடந்தது நடந்ததுதான்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. திண்டுக்கல் கடைவீதியில் எங்கள் அப்பாவுக்கு மூக்குப்பொடிக் கடை. கடைக்கு முன்னால் நாலு பேர் நிற்கலாம், உள்ளே அப்பா ஒருத்தர் உட்காரலாம். பெரிய பெரிய புகையிலைக் கிடங்குக்காரர்கள் இருந்த ஊரில் இதெல்லாம் ஒரு கடையா என்று கேட்டால், கடைதான். வாடகை கொடுத்தோம், பூட்டுப் போட்டோம். ஆனால் அந்த வரிசையில் வேறு யாருக்கும் இல்லாத ஒரு பெருமை அப்பாவுக்கு இருந்தது. அவர் வருமான வரி கட்டுகிறவர்.

மற்ற கடைக்காரர்கள் இன்கம்டாக்ஸ் என்ற சொல் காதில் விழுந்தாலே கல்லாவை மூடிவிட்டு முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வார்கள். அப்பா அதை வலியப் போய்ச் சொல்வார். பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டால், "நான் இன்கம்டாக்ஸ் கட்டுறவன்யா, செத்த தள்ளி உக்காரு" என்பார். மாரியம்மன் கோயிலில் சுண்டல் குறைவாகக் கொடுத்தாலும் அதே பேச்சு. ஒருமுறை தெருநாய் துரத்தியபோது நாயிடமே சொன்னார் என்று அம்மா சொல்வாள். அம்மா கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவள்தான், ஆனால் இதை நான் நம்புகிறேன்.

அவர் அடித்த கூத்து அதோடு நின்றுவிடவில்லை. ஊர் உலகமெல்லாம் வருமானத்தைக் குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தபோது அப்பா கூட்டிக் காட்டினார். நிஜ வருமானத்துக்கு வரியே கிடையாது, அது வரி விழுகிற எல்லைக்கு ரொம்பக் கீழே எங்கேயோ படுத்துக் கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்தி, விற்காத பொடியை விற்றதாகச் சொல்லி, வரி வருகிற அளவுக்குக் கொண்டுபோய் விடுவார். இது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். ஏன் இப்படி என்று கேட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

எங்கள் ஆட்களில் அப்போது சம்பந்தம் பேசும்போது எத்தனை ஏக்கர், சொந்த வீடா என்று விசாரித்த கையோடு, "இன்கம்டாக்ஸ் கட்டுற குடும்பமா?" என்றும் கேட்பார்கள். கட்டுகிற குடும்பம் என்றால் தரகர் தலையை ஒரு சாய்ப்புச் சாய்த்து, குரலை இறக்கிச் சொல்வார். அப்படிக் குரலை இறக்கிச் சொன்னதை நம்பித்தான் தொப்பம்பட்டிப் பக்கத்திலிருந்து, சொந்தத் தோட்டத்தில் வெங்காயமும் கத்திரிக்காயும் போடுகிற ஒரு தோட்டக்காரர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார்.

கேசரி வந்தது, வாழைக்காய் பஜ்ஜி வந்தது, நானும் வந்தேன். வணக்கம் சொல்லிவிட்டு நிமிர்ந்தால் யாரும் என்னைப் பார்க்கவில்லை. தோட்டக்காரர் அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இந்த இன்கம்டாக்ஸ்னு சொல்றாங்களே, அது என்னங்க அது? எங்க பக்கம் தோட்டத்து வருமானத்துக்கு அது கெடையாதுங்க."

அப்பாவிடம் இப்படி ஒருவர் கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சம்பாதிக்கிறவன் சம்பாத்தியத்தில் ஒரு பங்கை அரசாங்கத்துக்குக் கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம், ரோடு, பாலம், பள்ளிக்கூடம் எல்லாம் எப்படி வந்தது என்று ஆரம்பித்தார். கேட்டால் அப்போது கட்டிக்கொண்டிருந்த வைகை அணையில் பாதி எங்கள் கடைப் பொடியால் எழும்புவது போல இருந்தது.

தோட்டக்காரர் பஜ்ஜியைக் கீழே வைத்தார். "தப்புங்க. பாடுபட்டுச் சம்பாதிக்கறவன்கிட்டப் புடுங்கறது என்னங்க நாயம்? அதைத் தூக்கிப் போட்டுட்டு, நாடு முச்சூடும் விக்கற சாமானுக்கு மட்டும் வரி போடட்டுமுங்க. வாங்கறவன் குடுக்கறான், வாங்காதவன் கம்முனு இருக்கறான். ஆபீசரு வூட்டுக்கு வர்ற சோலியே இல்ல பாருங்க."

"அம்புட்டும் விற்பனை வரியா? அப்ப இல்லாதவனும் இருக்குறவனும் ஒரே வரியா கட்டுறது?"

"இல்லாதவன் கம்மியா வாங்குவானுங்க."

"கம்மியா வாங்குனாலும் அவனுக்கு அதுதானய்யா சொத்து."

போயிற்று. நான் காப்பித் தட்டோடு நின்றுகொண்டே இருந்தேன். கை வலித்தது. கடைசியில் மாப்பிள்ளையாக வந்திருந்தவர் எழுந்து வந்து தட்டை வாங்கிக்கொண்டார். யாருக்கும் கேட்காமல், "உங்கப்பா எப்பவுமே இப்படித்தானுங்களா?" என்றார்.

"உங்கப்பா?" என்றேன்.

"இதைவிட மோசமுங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். முன்பல் ஒன்று லேசாக இன்னொன்றின்மேல் ஏறியிருந்தது. எனக்குப் பிடித்துப்போயிற்று. மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே பிடித்துப்போயிற்று. அவர்களோ பழனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்துவிட்டார்கள். பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்க எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் தோட்டக்காரர் மறுபடி வந்தார். சம்மதம் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று அம்மா பால் வாங்க ஓடினாள். அவர் வந்தது போனமுறை சொல்ல விட்டுப்போன ஒரு பாயிண்டைச் சொல்ல. அதற்கு அப்பாவிடம் பதில் இருந்தது. அந்தப் பதிலுக்குப் பதிலோடு அவர் சந்தைநாளில் மறுபடி வந்தார். வரும்போதெல்லாம் கத்திரிக்காயோ வெங்காயமோ கொண்டுவந்தார், அதனால் அம்மா வாயைத் திறக்கவில்லை. என் கல்யாணத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்தப் பேச்சு முடியட்டுமுங்க, அப்பறம் இதைப் பேசிக்கலாம்" என்று தோட்டக்காரர் வாசலில் செருப்பை மாட்டும்போது சொல்வார். நான் உள்ளே உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டு இரண்டு வரிகளையும் திட்டுவேன்.

இந்தச் சண்டையை மேடை ஏற்றியவர் ஒரு வாத்தியார். பாதிரிச் சாமியார்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். காலையில் சர்ச்சில் பூசை முடிந்ததும் நேரே எங்கள் கடைக்கு வருவார். பொடிக்கடை என்றால் முன்னால் ஒரு பித்தளைத் தட்டில் கொஞ்சம் பொடி கொட்டி வைத்திருப்பது வழக்கம். வருகிறவர்கள் ஒரு சிமிட்டா எடுத்து உறிஞ்சிப் பார்த்துவிட்டுப் பிடித்தால் வாங்கலாம். வாத்தியார் இருபது வருஷமாக உறிஞ்சிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் முடிவுக்கு வரவில்லை. அவரை வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வராது. தட்டுப்பொடிக்கு ஆளை மறுப்பது எங்கள் தொழிலில் கிடையாது.

கடைவீதி வாசகசாலையின் ஆண்டுவிழா வந்தது. வாத்தியார்தான் அதற்குத் தலைவர். பாட்டுக் கச்சேரி வைக்க வசதி இல்லாததால் இவர்கள் சண்டையை வைத்துவிடலாம் என்று முடிவு செய்தார். வருமான வரியை ஒழித்து நாடு முழுவதும் விற்பனை வரி ஒன்றையே வைப்பது நன்மையா தீமையா என்று பலகையில் எழுதி வாசலில் மாட்டிவிட்டார்கள். தீமை என்று அப்பா, நன்மை என்று தோட்டக்காரர். இரண்டு வரியில் எதுவுமே கட்டாத மனிதர் தோட்டக்காரர் ஒருத்தர்தான். அவருக்குத் தோட்டத்து வருமானத்துக்கும் வரி இல்லை, விற்ற காய்கறிக்கும் வரி இல்லை. ஆனால் எது ஒழிய வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த உறுதி வேறு யாருக்கும் இல்லை.

அன்று மாலை வாசகசாலையில் கூட்டம் வழிந்தது. எரியோட்டிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். பெண்களுக்கு ஓரத்தில் பாய் விரித்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் தோட்டக்காரர் மகன் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டோம். இது முடிந்தால் நம் காரியம் என்று இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு.

அப்பா எடுத்த எடுப்பிலேயே கைதட்டு வாங்கிவிட்டார். "வருமானம்னா என்ன? வரும் மானம். வரி கட்டக் கட்ட மானம் வரும். அதை ஒழிச்சா நம்மகிட்ட வேற என்ன வரும்?"

தோட்டக்காரர் எழுந்தார். "மானம் வெளியில இருந்து வர்றதுங்களா? அது மனுசனுக்குள்ள இருக்கறதுங்க. இப்ப என்ன நடக்குது? இருக்கறவன் ஒளிக்கறான், ஆபீசரு தேடறாரு, நாடே கண்ணாமூச்சி ஆடுது. விற்பனை வரியில அது முடியாதுங்க. ஒரு வேட்டி எடுத்தா அப்பவே வரி குடுத்தாச்சு. பொய் சொல்ல எடம் எங்கீங்க?" இதற்கும் கைதட்டு. கைதட்டியவர்களில் பாதிப் பேர் அப்பாவுக்குத் தட்டியவர்கள்தான்.

அப்பாவுக்கு முகம் சிவந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். நடுவர் நாற்காலியில் வாத்தியார் இடுப்பிலிருந்து பொடி மடித்த வாழைமட்டையை எடுத்து ஒரு சிமிட்டாவை மூக்குக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். அன்று காலை எங்கள் தட்டிலிருந்து மடித்துக்கொண்டது.

"இந்தா, நடுவரையே பாருங்க" என்றார் அப்பா. "இருபது வருசமா எங் கடைப் பொடியப் போடுறாரு. ஒருநா காசு குடுத்து வாங்குனதில்ல. விற்பனை வரி மட்டுந்தான்னா இவருகிட்ட அரசாங்கம் எப்படி வாங்கும்? வருமான வரி இருந்தா பென்சன்லயாச்சும் பிடிக்கலாம்ல?"

வாத்தியார் பதில் சொல்ல வாயைத் திறந்தார், தும்மல் வந்தது. அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தும்மலுக்கும் நடுவில் விரலைத் தூக்கி, "தலைப்புக்குள்... தலைப்புக்குள் நிற்கவும்" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். இனி அப்பாதான் ஜெயிப்பார், ஜெயித்தால் சந்தோஷத்தில் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துவிடுவார் என்று நானும் சிரித்தேன்.

தோட்டக்காரர் சிரிக்கவில்லை. நிஜமாகவே ஒரு சந்தேகம் வந்தவர் மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். "ஏனுங்க, ஊரே உங்க கடையில ஓசிப்பொடி போடுதுன்னா, உங்களுக்கு வருமானம் எங்கிருந்துங்க வந்துச்சு? எதுக்குங்க வரி கட்டறீங்க?"

அங்கே நிறுத்தியிருக்கலாம். அப்பாவால் முடியவில்லை. வாதத்தில் தோற்கக்கூடாது என்ற வெறியில் மேஜையைத் தட்டினார். "வருமானம் வந்தாத்தேன் வரி கட்டணும்னு என்ன இருக்கு? வராட்டியும் கட்டுறேன்யா நான். கூட்டிச் சொல்லிக் கட்டுறேன். உங்க விற்பனை வரியில அப்படி ஒருத்தன் கட்ட முடியுமா?"

சிரிப்பு நின்றது. முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒவ்வொருத்தராகப் புரிந்துகொண்டார்கள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோட்டக்காரர் கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தார். வாத்தியார் தும்மலை அடக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: இரண்டு வரிகளும் இருக்கட்டும், மூக்குப்பொடிக்கு மட்டும் இரண்டிலிருந்தும் விலக்கு அளிக்க வேண்டும். அதைக் கேட்க யாருக்கும் காது இல்லை. நான் தலை நிமிர்ந்து பார்த்தபோது தோட்டக்காரரும் மகனும் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் வெடித்துவிட்டேன். "அம்புட்டு வருசம் கட்டுன காசுல எனக்கு ஒரு சங்கிலி எடுத்திருக்கலாமேப்பா."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சங்கிலி எடுத்தா சங்கிலிய மட்டுந்தேன் பாப்பாக. கடைய வந்து பாத்தா பொடி, தட்டு, நான். வேற என்ன இருக்கு? நீ பெரிய மனுசி ஆன வருசத்துல இருந்து கட்டுறேன். இன்கம்டாக்ஸ் வீடுங்குற பேரக் கேட்டுத்தானே ஆத்தா உன்னைத் தேடி நாலு பேரு வந்தாக."

எனக்கு அழுகையாக வந்தது. கோபம் போகவில்லை, ஆனால் அந்த மனிதர்மேல் அவ்வளவு பிரியம் அதற்கு முன்னால் எனக்கு வந்ததில்லை. இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் சோறு போட்டேன்.

பல நாள் தகவல் இல்லை. கத்திரிக்காயும் இல்லை. அவ்வளவுதான் என்று நான் முடிவுகட்டியிருந்த ஒருநாள் மத்தியானம், தோட்டக்காரர் தலையில் ஒரு சாக்கு வெங்காயத்தோடு வாசலில் நின்றார். உட்காரச் சொல்வதற்கு முன்பே பேசிவிட்டார்.

"புள்ளைய எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க. பையன் சோறு திங்க மாட்டேங்கறான். நகை நட்டு ஒண்ணும் கேக்கலீங்க. ஒரே ஒரு கண்டிசன். அந்த இன்கம்டாக்ஸை நிறுத்திப் போடோணும். இல்லாத வருமானத்துக்கு வரி கட்டற வூட்டுல சம்பந்தம் பண்ணுனா, நாளைக்கு எம் பையன் வெளையாத வெங்காயத்துக்கு வரி கட்டறேன்னு கெளம்பிப் போடுவானுங்க."

அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். மீசையை எடு என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டார். "இந்த ஒரு வருசம் மட்டும் கட்டிக்கிறேனே" என்றார். முடியாது என்றார் தோட்டக்காரர். "பாதியாச்சும்?" என்றார். அதுவும் முடியாது. அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து, "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருங்கப்பா, எனக்கு ஒன்னுமில்ல" என்றேன். எனக்கு எல்லாமே அதில்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

"நீ சும்மா இரு ஆத்தா" என்றார் அப்பா. பிறகு தோட்டக்காரரைப் பார்த்து, "நிறுத்திர்றேன் சம்பந்தி" என்றார்.

அந்த வருஷம் முதல்முறையாக உள்ள வருமானத்தை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். வருஷக்கணக்காகப் பொய் சொன்னபோது வராத ஆபீசர், உண்மை சொன்னதும் சந்தேகப்பட்டு நேரில் வந்துவிட்டார். ஒழுங்காகக் கட்டியவர் திடீரென்று இல்லை என்கிறாரே, எங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்று டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தார். திறந்ததெல்லாம் பொடி. பாதி நேரம் கண்ணீரும் மூக்குமாக வாசலில்தான் நின்றார். கடைவீதியே கூடி நின்று பார்த்தது. அப்பாவுக்கு அன்று இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "நல்லாப் பாருங்க சார், மேல் தட்டையும் பாருங்க, நான் ஒளிச்சாலும் ஒளிச்சிருப்பேன்" என்று அவரே ஏணி எடுத்துக் கொடுத்தார். ஆபீசர் தேடிக் களைத்து, "உங்களிடம் ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை அவர் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம். அப்பா கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு வந்து படுத்துக்கொண்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

கல்யாணப் பத்திரிகை அடிக்க நானும் அம்மாவும் அப்பாவும் அச்சாபீசுக்குப் போனோம். எங்கள் பக்கம் பத்திரிகையில் வீட்டுப் பெரியவர்கள் பெயருக்குக் கீழே ஏதாவது ஒரு பட்டம் போட்டுக்கொள்வார்கள். மிராசுதார் என்பார்கள், முன்சீப் என்பார்கள், ஒன்றுமில்லாதவர்கள் தர்மகர்த்தா என்று போட்டுக்கொள்வார்கள். எங்கள் உறவில் முன்பு நடந்த கல்யாணங்களின் பத்திரிகைகளிலெல்லாம் அப்பா பெயருக்குக் கீழே, "வருமான வரி செலுத்துபவர்" என்று அவரே கேட்டுப் போடவைத்திருந்தார். அச்சுக்கோக்கிறவர் அந்தப் பழைய பத்திரிகை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"பேருக்குக் கீழ வழக்கம்போல அதே போட்டுரவா அண்ணாச்சி?"

அப்பா அந்தப் பழைய பத்திரிகையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"வேணாம்" என்றார் அப்பா. "அது ஒழிஞ்சுபோச்சு. பொண்ணுக்கு அப்பான்னு போடு."

"அது ஏற்கனவே மேல வந்திருச்சே. பெண்ணின் தகப்பனார்னு போட்டுத்தானே உங்க பேரையே கோத்திருக்கேன்."

"அப்ப ரெண்டு தடவ போடு" என்றார் அப்பா.

அப்படியே போட்டார்கள். பத்திரிகை வாங்கிய எல்லோரும் அச்சுப்பிழை என்று நினைத்துக்கொண்டார்கள்.